சிவப்பு ஜின்செங்: வேரின் வரலாறும் வாக்கின் அமானிதமும்





சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அஸ்ர் தொழுகை முடிந்து மாணவர்கள் ஓத வந்து அமரும் நேரம். நம் மஹல்லாவின் முதியவர் ஒருவர் மதரஸாவுக்கு வந்தார். இரு முழங்கால்களிலும் மூட்டுவலி உள்ளவர்; நாற்காலியில் அமர்ந்தே தொழுபவர். அவர் கையில் ஒரு சிறிய கண்ணாடிக் குப்பி இருந்தது. அதனுள்ளே கருஞ்சிவப்பு நிறத்தில், நம் வீட்டு லேகியம் போல் இறுகிய ஒரு சாறு. வெளிநாட்டில் பணிபுரியும் மகன் அனுப்பியது.

“ஹஜ்ரத், இது கொரியா லேகியமாம். மூட்டு வீக்கமெல்லாம் வடிந்துவிடுமாம். இதில் ஹராம் ஏதும் கலந்திருக்குமா? இதைச் சாப்பிட்டால் டாக்டர் தந்த மாத்திரைகளை நிறுத்திவிடலாம் என்று மகன் சொல்கிறான். சரிதானா?” என்று கேட்டார்.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி ஆவார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். எனவே நாம் அன்று இரண்டே சொற்கள் சொன்னோம்: மாத்திரைகளை நிறுத்தாதீர்கள், இந்தக் குப்பியை உங்கள் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மற்றதைப் படித்துப் பார்த்துச் சொல்கிறோம் என்றோம். அவ்வாறு படித்தபோது அந்த வேருக்கு நீண்டதொரு வரலாறு இருப்பதையும், அவ்வரலாற்றில் நம் முன்னோரின் காலடித் தடங்கள் சில பதிந்திருப்பதையும் கண்டோம். அதையே இங்கு எழுதுகிறோம்.

முஸ்லிம் வணிகர் சென்ற நகரம்

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு குர்தாத்பிஹ், வழிகளையும் நாடுகளையும் பற்றிய தம் நூலில், சீனாவுக்கு அப்பால் ‘ஷீலா’ என்றொரு நாடு உள்ளதென்றும், அங்கே சென்ற முஸ்லிம்கள் அந்நாட்டின் நலங்களைக் கண்டு அங்கேயே தங்கிவிடுகின்றனர் என்றும் குறித்துள்ளார். அந்த ஷீலாதான் கொரியாவின் சில்லா அரசு.

சில்லாவுக்குப் பின் வந்தது கோரியோ அரசு. ‘கொரியா’ என்ற பெயரே இதிலிருந்து பிறந்தது. அதன் தலைநகரம் இன்றைய கெசோங். கோரியோவின் அரச வரலாற்று நூலில், 1024ஆம் ஆண்டிலும் 1025ஆம் ஆண்டிலும் நூறு நூறு பேராக அரபு வணிகர்கள் வந்து மன்னருக்குத் தம் நாட்டுப் பொருள்களை அளித்த செய்தி பதிவாகியுள்ளது. 1040இல் மீண்டும் ஒரு குழு வந்தது. அவர்கள் கொணர்ந்தவற்றுள் பாதரசமும் மருந்துச் சரக்குகளும் இருந்தன. மன்னர் அவர்களை நன்கு உபசரித்து, திரும்பிச் செல்கையில் பொன்னும் பட்டும் கொடுத்தனுப்பினார்.

பிற்காலத்தில் மங்கோலியர் ஆட்சியின்போது அந்நகரில் முஸ்லிம்கள் குடியேறி வாழ்ந்தனர். 1427இல் செஜோங் மன்னர், அவர்களின் தனி உடையையும் அரசவைச் சடங்குகளையும் நிறுத்தும்படி ஆணையிட்டதன் பின் அச்சமூகம் மெல்லக் கரைந்துபோயிற்று. ஆயினும் அதே செஜோங் காலத்து வானியல் அறிஞர்கள் முஸ்லிம்களின் நாட்காட்டிக் கணிதத்தைக் கற்றுத் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டனர்.

நம் முன்னோர் கடல் கடந்து சென்றடைந்த இந்தக் கெசோங்தான், பின்னாளில் சிவப்பு ஜின்செங்கின் தாயகமாகப் புகழ்பெற்றது.

அவித்த வேர்

ஜின்செங் என்பது மலைக்காட்டின் நிழலில் வளரும் ஒரு செடியின் வேர். கிளைத்த வேர் மனித உருவை ஒத்திருப்பதால், சீன மொழியிலும் கொரிய மொழியிலும் அதன் பெயரிலேயே ‘மனிதன்’ என்ற சொல் இடம்பெற்றுள்ளது. வேரைப் பிடுங்கிக் காயவைத்தால் அது வெள்ளை ஜின்செங். ஆவியில் அவித்துப் பிறகு காயவைத்தால் அது சிவப்பு ஜின்செங். செடி ஒன்றே, பக்குவம்தான் வேறு.

இந்தப் பக்குவம் எதற்காகத் தோன்றியது? 1123இல் சீனத்தின் சொங் அரசிலிருந்து தூதுக்குழுவுடன் கெசோங் சென்ற சூ ஜிங் என்பவர் தாம் கண்டவற்றை எழுதிவைத்தார். பச்சையாய் உலர்த்தியது, அவித்தது என ஜின்செங் இரு வகைப்படும் என்கிறார் அவர். பச்சை வகை வெண்மையானது. மருந்தில் சேர்த்தால் அதன் சுவை முழுமையாக இருக்கும். ஆனால் கோடையில் பூச்சி அரித்துவிடும். கொதிகலத்தில் அவித்ததோ நெடுநாள் கெடாமல் இருக்கும். இதுவே அவர் தரும் செய்தி.

இதைக் கவனியுங்கள். அக்காலத்தில் வேரை அவித்தது அதன் மருத்துவ ஆற்றலைக் கூட்டுவதற்காக என்று அவர் எழுதவில்லை. பூச்சியிலிருந்து காப்பதற்காக என்றே எழுதினார். நம் ஊரில் நெல்லைப் புழுக்குவதும் மஞ்சள் கிழங்கை அவித்துக் காயவைப்பதும் நாம் அறிந்தவையே. அத்தகைய ஒரு சேமிப்பு முறையாகவே இதுவும் பேசப்பட்டது. நெருப்பும் நீராவியும் வேரின் உள்ளே செய்த மாற்றத்தை மனிதன் அறிய மேலும் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பொறுமையும் அவசரமும்

காட்டில் கிடைத்த வேர் அருகியபோது கொரியர் அதை வயலில் பயிரிடத் தொடங்கினர். அது எளிய வேளாண்மை அன்று. நேர்வெயில் ஆகாது என்பதால் ஒவ்வொரு பாத்திக்கும் மேலே கூரை வேய வேண்டும். சிவப்பு ஜின்செங்குக்கு உகந்த வேர் விளைய வழக்கமாக ஆறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அறுவடைக்குப் பின் அந்த நிலத்தைப் பல ஆண்டுகள் ஆறப்போட வேண்டும். கெசோங் வணிகர்கள் இந்த நீண்ட காத்திருப்புக்கு முதலீடு செய்தனர். 1797இல் ஜொங்ஜோ மன்னரின் அரசு, சீனா செல்லும் தூதுக்குழுவினர் வழியே சிவப்பு ஜின்செங்கை விற்பதற்கு விதிமுறை வகுத்தது. அவ்வாண்டுக்கு அனுமதித்த அளவு 120 கீன். இன்றைய கணக்கில் ஒரு கீன் என்பது 600 கிராம். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அந்த அளவு பல்லாயிரம் கீன்களாகப் பெருகியது. பிறகு 1908இல் அது சட்டப்படி அரசின் ஏகபோகம் ஆயிற்று. அந்த ஏகபோகம் 1996இல்தான் நீங்கியது.

பூமியின் மறுபுறம் இதற்கு நேர்மாறான ஒரு கதை நடந்தது. ஜார்த்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் சீனப் பேரரசருக்காக நிலப்படம் வரையக் கொரிய எல்லையருகே சென்றிருந்தார். அங்கே கண்ட ஜின்செங்கைப் பற்றி 1711இல் ஒரு நீண்ட மடல் எழுதினார். தாம் வேரைத் தின்ற ஒரு மணி நேரத்தில் நாடி வலுத்ததாகவும், குதிரையில் அமர முடியாத களைப்பு நீங்கியதாகவும் அதில் குறிப்பிட்டார். இத்தகைய நிலம் கனடாவிலும் இருக்கக்கூடும் என்றும் ஊகித்தார். அம்மடலைப் படித்த லஃபிதோ என்ற மற்றொரு பாதிரியார், 1716இல் மொன்ட்ரியல் அருகே மோஹாக் மக்களின் துணையோடு அதே இனத்தின் அமெரிக்க வகையைக் கண்டறிந்தார்.

அதன்பின் கனடாவிலிருந்து சீனாவுக்கு ஜின்செங் வணிகம் பெருகியது. விலை ஏற ஏற ஆசையும் ஏறியது. வேர் முதிரும் இலையுதிர் காலம் வரை மக்கள் பொறுக்கவில்லை; பருவத்துக்கு முன்பே தோண்டினர். நிழலில் பல நாள் உலர்த்த வேண்டியதை அடுப்பில் இட்டு விரைவாகக் காயவைத்தனர். 1750களின் தொடக்கத்தில் அந்தச் சரக்கு சீனத்தை அடைந்தபோது வணிகர்கள் அதை ஏற்க மறுத்தனர். ஓரிரு ஆண்டுகளில் அந்த வணிகமே சரிந்தது. ஒன்று படுவீழ்ச்சி அடைந்தால் ஜின்செங்கைப் போல் விழுந்தது என்று சொல்லும் வழக்கு அம்மக்களிடையே உண்டாயிற்று.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்குமாறு மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி நம் மதரஸா மாணவர்கள் அனைவரும் அறிந்ததே. ஈரத் தானியமும் முதிராத வேரும் ஒன்றே. குறையை மறைத்த சரக்கு ஒருநாள் தன்னையும் தன் வணிகனையும் வீழ்த்தியே தீரும்.

‘சூடு’ தரும் வேர் அழற்சிக்கு ஆகுமா?

அழற்சி என்றால் என்ன? சிவத்தல், வீங்குதல், சுடுதல், வலித்தல் ஆகிய நான்கும் அதன் அடையாளங்கள் என்று முதல் நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் வகுத்தார். முழங்கால் வீங்கிச் சூடாக இருக்கும் எந்த முதியவரும் இந்த நான்கையும் அனுபவத்தில் அறிவார்.

ஆனால் கிழக்காசிய மருத்துவர்கள் ஜின்செங்கை அழற்சிக்கு மருந்தாக முதன்மைப்படுத்தவில்லை. 1613இல் அச்சான ஹோ ஜுனின் ‘தோங்குய் போகாம்’ போன்ற நூல்கள், தளர்ந்த உடலுக்கு உயிராற்றலை ஊட்டும் வேர் என்றே அதைப் போற்றுகின்றன. அவர்களின் கணக்கில் அது உடலுக்குச் சூடு தருவது. எனவே உடல் சூடேறிய நோயாளிக்கு அதைக் கொடுக்கத் தயங்கினர்.

ஜின்செங் வணிகத்துக்கு விதி வகுத்த ஜொங்ஜோ மன்னரே 1800இல் உடலில் கட்டிகள் கண்டு, அந்நோயிலேயே இறந்தார். இறுதி நாட்களில் ஜின்செங் சேர்ந்த ஒரு லேகியத்தை அவருக்குக் கொடுப்பதா என்ற பேச்சு எழுந்தபோது, சூடான மருந்துகள் தம் உடலுக்கு ஒவ்வா என்று அவர் அஞ்சினார். நாட்டின் பெருமையாக விளங்கிய வேராயினும், எல்லா நோய்க்கும் எல்லா உடலுக்கும் அது ஏற்றதன்று என்பதை அரண்மனையே அறிந்திருந்தது.

அப்படியிருக்க, அழற்சியைத் தணிக்கும் என்ற புதிய பெயர் இதற்கு எங்கிருந்து வந்தது? ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது.

ஆய்வுக்கூடம் கண்டது

1854இல் அமெரிக்க ஜின்செங்கிலிருந்து ஒரு சாரப்பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர். 1960களில் ஜப்பானிய அறிஞர் ஷிபாதா குழுவினர் அதன் கூறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அமைப்பை விளக்கினர். அவை ‘ஜின்செனோசைடுகள்’ என்று பெயர் பெற்றன. ஒவ்வொன்றும் எண்ணெய்த்தன்மை கொண்ட ஒரு கருவும் அதில் ஒட்டிய சர்க்கரைச் சங்கிலிகளும் உடையது.

வேரை அவிக்கும்போது அந்தச் சர்க்கரைச் சங்கிலிகள் சில அறுபடுகின்றன. அதனால் பச்சை வேரில் மிக அரிதாகவே உள்ள ஆர்ஜி3, ஆர்ஜி5, ஆர்கே1 போன்ற புதிய கூறுகள் பிறக்கின்றன. வேரிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் கலந்து, ரொட்டியின் மேற்புறம் சிவப்பது போல் வேரையும் சிவக்கச் செய்கின்றன. பூச்சிக்கு அஞ்சி அவித்தவர்கள் தம்மையறியாமலே வேரின் வேதியியலையும் மாற்றியிருந்தனர். படைத்தவன் ஒரு வேருக்குள் வைத்திருக்கும் நுட்பம்தான் என்னே! சுப்ஹானல்லாஹ்.

இனி அழற்சிக்கு வருவோம். நம் உடலில் கிருமிகளை விழுங்கும் காவல் அணுக்கள் உள்ளன. கிருமியின் மேலுறைப் பொருள் பட்டவுடன், அந்த அணுவுக்குள்ளே உறங்கிக்கிடக்கும் ‘என்எஃப் கப்பா பி’ என்ற புரதம் விழித்துக் கருவுக்குள் நுழைகிறது. 1986இல் கண்டறியப்பட்ட இப்புரதம் ஆணையிட்டால் டிஎன்எஃப், ஐஎல்-6 முதலிய அழற்சித் தூதுப்பொருள்களும், வலியை வளர்க்கும் காக்ஸ்-2 நொதியும் சுரக்கின்றன. வலி மாத்திரைகள் பல தடுப்பது இந்தக் காக்ஸ் நொதியைத்தான்.

ஆய்வுக் கண்ணாடித் தட்டில் வளர்த்த காவல் அணுக்களில் சிவப்பு ஜின்செங் சாற்றையோ, ஆர்ஜி3 போன்ற அதன் கூறுகளையோ சேர்த்தபோது, அந்த ஆணை தளர்ந்து தூதுப்பொருள்கள் குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எலிகளிலும் இத்தகைய விளைவுகள் தென்பட்டுள்ளன. ஆகவே இச்செய்தி வெறும் கட்டுக்கதை அன்று. அதில் உண்மை உண்டு.

இப்னு சீனாவின் அளவுகோல்

ஆனால் எவ்வளவு உண்மை? இங்கேதான் நம் முன்னோர் ஒருவர் கைகொடுக்கிறார். அரபு வணிகர்கள் கெசோங்கில் இறங்கிய அதே காலத்தில், ஏறத்தாழ 1025இல், இப்னு சீனா தம் ‘அல்கானூன் ஃபித் திப்’ என்னும் மருத்துவப் பெருநூலை நிறைவு செய்தார். ஒரு மருந்தைச் சோதித்தறிய அதில் ஏழு நிபந்தனைகளை வகுத்தார். மருந்தின் விளைவு ஒருமுறை மட்டுமன்றி எப்போதும், அல்லது பெரும்பாலும், காணப்பட வேண்டும். இல்லையேல் அது தற்செயலாக இருக்கலாம். சோதனை மனித உடலிலேயே நடக்க வேண்டும். சிங்கத்திலோ குதிரையிலோ கண்ட விளைவு மனிதனுக்குச் சான்றாகாது. அந்த ஏழில் இவை இரண்டு.

ஆயிரம் ஆண்டுகள் கடந்த இந்த அளவுகோலைச் சிவப்பு ஜின்செங்கில் வைத்துப் பாருங்கள். ஜார்த்தூ பாதிரியாரின் நாடி ஒருமுறை, ஒருவருக்கு நடந்தது. தட்டில் வைத்த அணுக்கள் மனிதர் அல்ல. அங்கே சாறு அணுவை நேரடியாகத் தொடுகிறது. நாம் விழுங்கும் சாறோ குடலைக் கடந்து இரத்தத்தில் சேர வேண்டும். ஜின்செனோசைடுகள் இரத்தத்தில் சேர்வது சிறிதளவே. அவற்றுள் சிலவற்றைக் குடலில் வாழும் நுண்ணுயிரிகள் சிதைத்து ‘காம்பவுண்ட் கே’ என்ற பொருளாக மாற்றிய பிறகே உடல் ஏற்கிறது. அந்நுண்ணுயிரிகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். எனவே ஒரே சாறு இருவரிடம் இரு விதமாக வேலை செய்யக்கூடும்.

மனிதரிடம் செய்த ஆய்வுகளும் உள்ளன. அவற்றுட் பல சிறியவை, குறுகிய காலத்தவை, முடிவுகளும் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. இந்த வேரைத் தன் பெருமையாகக் கருதும் கொரிய அரசே, சிவப்பு ஜின்செங்கை உடல்நலத்துக்கு உதவும் உணவு என்ற வகையில் வைத்துள்ளது. நோய் எதிர்ப்பாற்றல், களைப்பு நீக்கம், இரத்த ஓட்டம், நினைவாற்றல் முதலியவற்றுக்கு உதவலாம் என்று எழுத அனுமதிக்கிறது. மூட்டழற்சியைக் குணமாக்கும் என்று எழுத அனுமதிக்கவில்லை. விளைவித்தவர்களே சொல்லத் துணியாததை நாம் கைப்பேசியில் வரும் செய்தியை நம்பிச் சொல்லலாமா?

பெரியவருக்குச் சொன்ன விடை

முதலில் ஹலால் பற்றிய கேள்வி. வேர் தாவரம், அதில் தடை ஏதுமில்லை. ஆனால் சாற்றை நீரில் காய்ச்சி எடுப்பதும் உண்டு; எத்தனால் கலந்து எடுத்துப் பின் அதை ஆவியாக்கி நீக்குவதும் உண்டு. மாத்திரை உறைகளில் விலங்குக் கொழுப்பிலிருந்தோ எலும்பிலிருந்தோ எடுத்த பொருள் இருக்கலாம். எஞ்சிய மிகச் சிறு அளவு குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே நீரில் எடுத்ததும் ஹலால் முத்திரை பெற்றதுமான சரக்கைத் தேர்வது பேணுதலுக்கு உகந்தது. மேற்கொண்டு ஐயம் இருப்பின் உங்கள் பகுதி ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள்.

அடுத்தது மாத்திரை பற்றிய கேள்வி. அதற்கு விடை மருத்துவரிடமிருந்தே வந்தது. பெரியவர் நாம் சொன்னபடி குப்பியைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அவர் உட்கொள்ளும் மாத்திரைகளில் ஒன்று மூட்டுக்கானது அன்று. இதயக் கோளாறுக்காக, இரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத் தந்த வார்ஃபரின். மகனுக்கு அது தெரியாது. எல்லாம் கால்வலி மாத்திரை என்றே எண்ணியிருந்தார். வார்ஃபரின் உட்கொள்பவருக்கு ஜின்செங் அம்மருந்தின் வேலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யக்கூடும் என்பதால், இந்தச் சாறு உங்களுக்கு வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர்களும் இதை மருத்துவரிடம் கேளாமல் தொடக்கூடாது. இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிவிட இடமுண்டு. தூக்கமின்மையும் சிலருக்கு வரும்.

“மகன் ஆசையாக வாங்கி அனுப்பினான், ஹஜ்ரத். அவனிடம் எப்படிச் சொல்வது?” என்று பெரியவர் வருந்தினார். அந்தப் பிள்ளையின் அன்பில் குறை ஒன்றும் இல்லை. தந்தையின் வலி நீங்க வேண்டும் என்று துடித்த அந்த உள்ளத்துக்கு அல்லாஹ்விடம் நற்கூலி உண்டு. அன்றிரவே மகனோடு தொலைபேசியில் பேசினோம். அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “வாப்பா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, ஹஜ்ரத். பட்டியலை எழுதி அனுப்பச் சொல்லுங்கள்” என்றார்.

எல்லா நோய்க்கும் அல்லாஹ் ஒரு நிவாரணியை வைத்தே உள்ளான் என்பது நம் நம்பிக்கை. அந்த நிவாரணியைத் தேடுவதும் வணக்கமே. ஆனால் ஒரு வேருக்கு அல்லாஹ் கொடுத்த ஆற்றலைவிட அதிகமாக அதைப் பற்றிச் சொல்வது, முதிராத வேரை முதிர்ந்ததென விற்பதற்கு ஒப்பாகும். சரக்கில் அமானிதம் இருப்பது போலவே சொல்லிலும் அமானிதம் உண்டு. ஒரு மருந்தைப் பற்றிய செய்தி உங்கள் கைக்கு வரும்போது, அதைப் பிறருக்கு அனுப்புமுன் இப்னு சீனாவின் கேள்விகளைக் கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு எதையும் வாங்கித் தருமுன் அவர்கள் இப்போது உட்கொள்ளும் மருந்துகளைக் கேட்டறியுங்கள்.

நோயுற்ற நம் பெற்றோர்கள் அனைவருக்கும் வல்ல நாயன் அல்லாஹ் பரிபூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.